பறவைப் படத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் செஞ்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். கூடை கூடையாக உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து கொட்டியதுபோல் குன்றுகள். அவற்றின் மீது வளைந்து வளைந்து ஏறும் மதில்கள். குன்றுகளில் உயர்ந்தது இராஜகிரி, ஏறத்தாழ 240 மீட்டர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே.

தேசிங்குராஜன் கதையைக் கேட்டுக்கொண்டு வருபவர்கள் அண்ணாந்து மதிலைப் பார்க்கிறார்கள். அந்த மதிலிலேயே வாலை நிமிர்த்திக்கொண்டு ஒரு கருஞ்சிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர்கள் சிலரே. அப்படிப் பார்க்கிற ஒருவரைச் சென்ற பொங்கல் விடுமுறையில் செட்டிகுளக் கரையில் சந்தித்தேன். பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கும் உள்ளூர் இளைஞர். கையில் யாரோ கொடுத்த பழைய காமிரா, அதில் 300 மி.மீ. வரை நீளும் சாதாரண லென்ஸ். பேச்சுக் கொடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“சார், 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் பறவைப் படமே எடுக்க முடியாதாமே? அம்மா சங்கிலியை அடகு வைத்து வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?”

அன்று நான் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. “யோசித்துச் செய், தம்பி” என்று மழுப்பிவிட்டு வந்தேன். ஒரு குடும்பத்தின் தங்கம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு அது பதிலாகாது. அன்று சொல்லத் தவறியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். வாசகர்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கக்கூடும்.

அறிவுரை எங்கே பிறந்தது?

பறவைப் படம் பற்றிய கையேடுகளையும் விளம்பரங்களையும் வரிசையாகப் படித்தால், எல்லாம் ஒரே குரலில் மூன்று செய்திகளைச் சொல்வது தெரியும். முதலாவது, லென்ஸ் நீளமாக இருக்க வேண்டும். இரண்டாவது, அதன் வாய் அகலமாக இருக்க வேண்டும். மூன்றாவது, அதைத் தாங்கக் கனமான முக்காலி வேண்டும். இம்மூன்றும் பொய்யல்ல. ஆனால் எந்த மண்ணில், எந்த வெளிச்சத்தில் பிறந்த அறிவுரை இது என்று யாரும் கேட்பதில்லை. என் குறை இதுதான்.

ஃபிலிம் காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வண்ணப் படத்துக்குப் பெயர்பெற்ற கோடக்குரோம் ஃபிலிமின் உணர்வேகம் 64. நல்ல வெயிலில் எஃப் 16 என்ற துளையில், உணர்வேகம் எத்தனையோ அத்தனையில் ஒரு பங்கு விநாடி திறந்தால் போதும் என்பது புகைப்படக்காரர்கள் அறிந்த பழைய கணக்கு. எஃப் 16-லிருந்து எஃப் 5.6-க்கு வந்தால் ஒளி 8 மடங்காகும். ஆகவே அந்த ஃபிலிமுக்கு வெயிலில் எஃப் 5.6-இல் ஏறக்குறைய 1/500 விநாடி கிடைக்கும். அதுவே மேகம் கவிந்த வடநாட்டு வானமாக இருந்து ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால் 1/60 விநாடிதான். நீண்ட லென்சில் 1/60 விநாடி என்றால் படம் கலங்கிவிடும். அங்கே எஃப் 2.8, எஃப் 4 என்று வாயகன்ற லென்சைத் தேடியதில் நியாயம் இருந்தது.

இப்போது செஞ்சிக்கு வருவோம். இன்றைய சாதாரண டிஜிட்டல் காமிராவில் உணர்வேகத்தை 200 என்று வைத்தாலே, நம் வெயிலில் எஃப் 5.6-இல் 1/1600 விநாடி கிடைக்கிறது. 400 என்று வைத்தால் 1/3200. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 போதும். பறக்கும் கொக்குக்குக்கூட 1/1600 பெரும்பாலும் போதும். அதாவது, எந்தக் குறையைத் தீர்க்க அந்த விலை உயர்ந்த லென்ஸ் செய்யப்பட்டதோ, அந்தக் குறை நம் ஊர் வெயிலில் இல்லை. இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவானேன்?

அடர்ந்த சோலைக்காட்டிலோ, அந்தி மயங்கியபின் ஆந்தையைத் தேடும்போதோ கதை வேறு. அங்கே வாயகன்ற லென்ஸ் தன் விலைக்கு உழைக்கும். ஆனால் முட்புதரும் பாறையும் ஏரியும் கழனியும் நிறைந்த நம் சமவெளியில் பறவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் திறந்த வெயிலில்தான் நிற்கிறார்கள்.

ஒரு கருஞ்சிட்டின் கணக்கு

அடுத்து நீளம். இதற்குப் பள்ளிப் பாடத்தில் படித்த லென்ஸ் கணக்கே போதும். பறவையின் நீளத்தைக் குவியத் தொலைவால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால், காமிராவுக்குள் விழும் பிம்பத்தின் நீளம் ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

கருஞ்சிட்டு சுமார் 16 செ.மீ. நீளம். அது 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நம்மிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிம்பம் 4.8 மி.மீ. நீளம் விழும். பரவலாகக் கிடைக்கும் நடுத்தரக் காமிராக்களின் ஒளி உணரி 23.5 மி.மீ. அகலமுடையது; 24 மெகாபிக்சல் எனில் அந்த அகலத்தில் 6000 புள்ளிகள் இருக்கும். ஆகவே நம் கருஞ்சிட்டு ஏறக்குறைய 1200 புள்ளிகளில் பதிவாகிறது. அஞ்சலட்டை அளவில் தெளிவாக அச்சிட 1800 புள்ளி அகலம் வேண்டும். சுற்றியுள்ளதைக் கத்தரித்துவிட்டு அச்சிட்டால், அந்த அட்டையில் மூன்றில் இரண்டு பங்கு அகலத்துக்குக் கருஞ்சிட்டே நிற்கும்! அலகும், கண்ணும், வாலடியின் செம்பழுப்பு நிறமும் தெரிய இது தாராளம்.

600 மி.மீ. லென்ஸ் என்ன தரும்? இரு மடங்கு, 2400 புள்ளிகள். நல்லதுதான். ஆனால் அதே 300 மி.மீ. லென்சோடு 10 மீட்டர் தூரத்தை 5 மீட்டராகக் குறைத்துக்கொண்டாலும் அதே 2400 புள்ளிகள்தாம். சூத்திரத்தில் மேலே இருப்பதை இரட்டிப்பதும், கீழே இருப்பதைப் பாதியாக்குவதும் ஒன்றே. முன்னதற்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாயும் 2 கிலோ எடையும் ஆகும். பின்னதற்கு ஒரு பாறையின் நிழலில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை வேண்டும். பறவை தானே நெருங்கி வரும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், நெருங்கவே முடியாத பறவைகளும் உண்டு. ஏரியின் நடுவில் மிதக்கும் முக்குளிப்பானையோ, இராஜகிரி உச்சியில் வட்டமிடும் பருந்தையோ உட்கார்ந்து வரவழைக்க முடியாது. அங்கே நீண்ட லென்ஸ் உண்மையாகவே வெல்லும். கேள்வி, அந்த வெற்றிக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாமா என்பதே.

கல் சூடானால்

செஞ்சிக்கே உரிய இன்னொரு தடை இருக்கிறது. கையேடுகளில் இதற்கு ஒரு வரிதான் இடம் கிடைக்கும்; எனக்கோ இதுவே முக்கியமாகப் படுகிறது.

கோடையில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. வெப்பநிலை 1 டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறுகிறது. மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் பறவையிலிருந்து வரும் ஒளி, சூடும் குளிர்ச்சியுமாகக் கலைந்து கொண்டிருக்கும் ஆயிரம் காற்றுக் குமிழ்களைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கோணல் லென்ஸ் போல ஒளியைச் சிறிது திருப்பிவிடுகிறது. விளைவு, இறகின் கோடுகள் கரைந்துபோன படம்.

செஞ்சியில் எங்கு திரும்பினாலும் கருங்கல். கோட்டை வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதே வெயில் ஏறிவிட்டிருக்கும். சூடேறிய பாறைக்கு மேலாக 40 மீட்டர் தூரத்துப் பறவையை 600 மி.மீ. லென்சால் எடுத்தால், லென்ஸ் பறவையைப் பெரிதாக்குகிறது. காற்றின் நெளிவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. எத்தனை விலை கொடுத்த கண்ணாடியானாலும் நடுவில் உள்ள காற்றைச் சலவை செய்ய முடியாது. “லென்ஸ் சரியில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்று நாம் திட்டும் படங்களில் பல, உண்மையில் காற்று கெடுத்த படங்கள். நானே ஒருமுறை இரவல் வாங்கிய பெரிய லென்சைத் தூக்கிக்கொண்டு இராஜகிரி ஏறி, முற்பகல் முழுவதும் எடுத்த படங்களில் ஒன்றுகூடத் தேறாமல் இறங்கியிருக்கிறேன். தோள்வலிதான் மிச்சம். கருவியைத் தந்தவரை மனத்துக்குள் நொந்துகொண்டேன். காரணம் பிறகுதான் புரிந்தது.

காற்று நெளிவுக்கு மருந்து மூன்றுதான்: அதிகாலை, நிழல், நெருக்கம். மூன்றுக்கும் விலை இல்லை.

“83 மடங்கு” என்னும் மாயம்

லென்ஸ் மாற்றத் தேவையில்லாத ‘சூப்பர் ஜூம்’ காமிராக்கள் இன்று பறவை ஆர்வலர்களிடையே மிகவும் பரவியிருக்கின்றன. 2015-இல் வெளிவந்த நிக்கான் பி900 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எடை 900 கிராம், “83 மடங்கு ஜூம், 2000 மி.மீ.” என்று விளம்பரம். இந்த எண்களை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

83 மடங்கு என்றால் பறவை 83 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. லென்சின் மிகக் குறைந்த குவியத் தொலைவுக்கும் மிக அதிகக் குவியத் தொலைவுக்கும் உள்ள விகிதமே 83. குறைந்தது 4.3 மி.மீ., அதிகம் 357 மி.மீ. ‘2000’ எங்கே போயிற்று? இந்தக் காமிராவின் ஒளி உணரி 6 மி.மீ. சொச்சம் அகலமே உடையது, நகத்தைவிடச் சிறியது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் காமிராவில் இதே காட்சியகலம் வேண்டுமானால் 2000 மி.மீ. லென்ஸ் தேவைப்படும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அது ஓர் ஒப்பீடு மட்டுமே.

அப்படியானால் உண்மையில் ஒரு காமிரா பறவையிடமிருந்து எவ்வளவு ஒளியை வாங்குகிறது? அதைத் தீர்மானிப்பது லென்சின் வாயகலம். குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். பி900-க்கு 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. நம் இளைஞர் கையிலிருந்த 300 மி.மீ., எஃப் 5.6 லென்சுக்கு 54 மி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! ஒரே தூரத்தில் நின்றால் இரண்டும் பறவையிடமிருந்து ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத்தான் அள்ளுகின்றன. ஒன்றில் பறவை படம் முழுவதும் நிறைந்து நிற்கிறது. மற்றதில் நடுவில் சிறிதாக நிற்கிறது. வேறுபாடு பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

55 மி.மீ. வாயகலமுள்ள லென்சுக்கு, ஒளியின் அலை இயல்பு காரணமாக ஓர் எல்லை உண்டு. 20 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டருக்குக் குறைந்த விவரத்தை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. இறகின் நுண்ணிழைகளைக் காண இதுவே போதும். அதற்கும் மேலே பெருக்கிக்கொண்டு போனால், உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ‘வெற்று உருப்பெருக்கம்’ என்று சொல்வார்களே, அதுதான் நடக்கிறது: உருவம் பெரிதாகிறது, செய்தி கூடுவதில்லை.

இதே அளவுகோலால் 600 மி.மீ., எஃப் 6.3 லென்சை அளந்தால் வாயகலம் 95 மி.மீ.; பரப்பில் மும்மடங்கு. ஆக, அந்த லென்ஸ் வெறும் பகட்டு அல்ல. உண்மையான ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் அந்த ஆற்றலை அனுபவிக்க அசையாத காற்றும், அசையாத கையும், அதைச் சுமக்கும் தோளும் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள செஞ்சிக் கோட்டைக்குள் முன் அனுமதியின்றி முக்காலியை விரித்து நிறுத்தவும் முடியாது. இராஜகிரிப் படிகளில் இரண்டு கிலோ லென்சைக் கையில் ஏந்தி, மூச்சிரைக்க நின்று குறிபார்ப்பவர், அந்த மும்மடங்கில் எத்தனை பங்கைப் படமாக மாற்றுவார்?

கிருஷ்ணன் காட்டிய வழி

“எளிய கருவி போதும்” என்று வாதாடுகிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர், ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறுதிவரை இடைவிடாமல் ஒரு பத்தி எழுதியவர். கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். அவர் கையாண்ட காமிரா கடையில் வாங்கியதல்ல. உடல் ஒரு கம்பெனியுடையது, தொலைநோக்கு லென்ஸ் வேறொரு கம்பெனியுடையது, மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் தாமே பொருத்திக்கொண்டார். இயற்கை ஆய்வாளர் ஈ.பி. ஜீ 1964-இல் வெளியான தம் இந்திய வனவிலங்கு நூலில் இந்தக் கருவியை வியப்பும் வேடிக்கையுமாக வருணித்திருக்கிறார். கிருஷ்ணனே அதற்குச் சூட்டிய பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. அதன் பாரத்தை அவரே கேலி செய்து வைத்த பெயர் அது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் காமிரா எளியதுமல்ல, இலேசானதுமல்ல. விரைந்து பறக்கும் பறவையைத் துரத்த ஏற்றதுமல்ல. ஆகவே ‘ஓட்டைக் காமிராவிலும் நல்ல படம் வரும்’ என்பதற்குக் கிருஷ்ணனைச் சாட்சி கூப்பிடுவது தவறு. கறுப்பு வெள்ளை என்பதும் பறவைகளைப் பொறுத்தவரை ஓர் இழப்பே. கருஞ்சிட்டின் வாலடிச் செம்மையையும் பனங்காடையின் சிறகு நீலத்தையும் அது எப்படிச் சொல்லும்?

அவரிடமிருந்து கற்க வேண்டியது வேறு. தமக்கு எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று அவர் முதலில் முடிவு செய்தார். பிறகு அதற்கேற்ற கருவியைத் தேடினார், கிடைக்காததால் செய்துகொண்டார். அவர் படங்களும் எழுத்தும் அடங்கிய தொகுப்பு 2006-இல் ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற பெயரில் வெளிவந்தது. அதைப் புரட்டும்போது ஒன்று தோன்றுகிறது: யானை நிற்கிறது என்றால் அது நிற்கும் காடும் உடன் நிற்கிறது. விலங்கை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுத்துக் காட்டும் ஆசை அவருக்கு இல்லை.

இன்று நாம் பார்க்கும் பறவைப் படங்களோடு இதை ஒப்பிடுங்கள். படம் நிறைய ஒரு பறவை. பின்னால் பச்சைப் பட்டுத் துணி விரித்தாற்போல் ஒரு மங்கல். கண்ணில் ஒளிப்புள்ளி, இறகில் கூர்மை, எல்லாம் சரி. ஆனால் இது செஞ்சியா, சிங்கப்பூரா? பாறையில் இருந்ததா, பனையில் இருந்ததா? எதைத் தின்றது? எதைப் பார்த்துப் பயந்தது? படம் வாய் திறப்பதில்லை. நீண்ட லென்ஸ் காட்சியகலத்தைக் குறுக்கிப் பின்னணியைக் கரைப்பதால், அதைக் கொண்டே எல்லாரும் எடுக்கும்போது எல்லாப் படமும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. அறிவியல் இதழின் வாசகர்களான நமக்குப் பறவையின் அழகு மட்டும் போதாது. அதன் வாழ்க்கையும் வேண்டும்.

எதை வாங்கலாம்?

முதல் பணத்தைக் காமிராவில் போடாதீர்கள். 8 மடங்கு பெருக்கும், 40 மி.மீ. அளவு வாயுள்ள ஒரு பைனாகுலரில் போடுங்கள். பார்க்கத் தெரியாத கண்ணுக்கு எந்த லென்சும் உதவாது. பைனாகுலரின் கண்ணாடியில் கைப்பேசியின் காமிராவை ஒட்டிப் பிடித்துக்கூட அடையாளம் காணப் போதுமான படத்தை எடுத்துவிடலாம். கை பழகச் சில நாட்கள் ஆகும், அவ்வளவே.

அடுத்த படியில் இரண்டு வழிகள். பள்ளி மாணவர், ஆசிரியர், வயலுக்குப் போகிற வழியில் பறவை பார்ப்பவர் ஆகியோருக்கு 600 முதல் 900 கிராம் எடையுள்ள சூப்பர் ஜூம் காமிராவே நல்லது. வெயிலில் அது குறை வைக்காது. மங்கலிலும், பறக்கும் பறவையிலும் திணறும். படமெடுப்பதில் மேலும் முன்னேற விரும்புகிறவருக்கு, லென்ஸ் மாற்றக்கூடிய பழைய காமிரா உடலும் 70–300 மி.மீ. லென்சும் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். இரண்டாங்கையாக வாங்கும்போது லென்சை விளக்குக்கு எதிரே பிடித்து உட்புறம் பாருங்கள். சிலந்தி வலை போல் வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். நம் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை எளிதில் பற்றும். காமிராவைத் தோலுறையில் மூடி வைப்பதைவிட, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பதே பாதுகாப்பு.

இரண்டு சிறு குறிப்புகள். வெண்கொக்கு கரும்பாறையின் முன் நின்றால் காமிரா பாறையைப் பார்த்து ஏமாந்து கொக்கை வெளுக்க அடித்துவிடும். ஒளியை ஒரு படி குறைத்து வையுங்கள். வானத்தின் முன் கரிச்சான் என்றால் ஒரு படி கூட்டுங்கள். மற்றொன்று, செஞ்சிக் கோட்டைக் குரங்குகளுக்குப் பெரிய பையென்றால் தின்பண்டம் என்று பொருள். கழுத்தில் தொங்கும் சிறிய காமிராவுக்கு அந்த ஆபத்தும் குறைவு.

ஒரு நியாயமான மறுப்பு

“சிறிய லென்ஸ் என்றால் பறவையை நெருங்க வேண்டும், நெருங்கினால் அதற்குத் தொல்லைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பறவைப் படக்கலையே கூட்டில் தொடங்கியதுதான். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் எடுத்த புகழ்பெற்ற படம் முட்டைகளோடு கூடிய ஒரு பாடும் பறவையின் கூடு. அந்தக் காலக் கருவிக்கு அசையாத கூடே வசதி. இன்று அப்படிச் செய்யக் காரணமே இல்லை. நாம் கூட்டருகே நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை வெளியே நிற்கிறது. முட்டை வெயிலில் காய்கிறது. விலக்கிய கிளை வழியே காகம் கூட்டைக் கண்டுகொள்கிறது. பறவையின் முட்டையையோ கூட்டையையோ கலைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலோடு சேர்த்தே வைத்திருக்கிறது.

நான் சொல்லும் நெருக்கம் துரத்திப் பிடிக்கும் நெருக்கமல்ல, காத்திருந்து பெறும் நெருக்கம். கோட்டையின் பறவைகள் மனிதரைப் பார்த்துப் பழகியவை. கல்யாண மகாலின் மாடத்தில் தங்கும் புறாவும், குளக்கரைக் கல்லில் அமரும் மீன்கொத்தியும் நாம் அசையாமல் இருந்தால் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. பறவை உங்களைப் பார்த்துக் கழுத்தை நீட்டினால், வாலை வேகமாக ஆட்டினால், இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தயங்கினால், நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்கிவிடுங்கள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். படம் நிறைய வேண்டும் என்ற ஆசை அவரையும் முன்னே தள்ளத்தான் செய்கிறது.

அந்த இளைஞரின் படம்

செட்டிகுளக் கரையில் அந்த இளைஞர் தம் காமிராவின் சிறிய திரையில் ஒரு படத்தைக் காட்டி, “பாருங்கள் சார், எவ்வளவு சின்னதாக வந்திருக்கிறது” என்று குறைப்பட்டுக்கொண்டார். இடிந்த மதில். சுண்ணாம்பு உதிர்ந்த இடைவெளியில் ஒரு புல் கொத்து. மேலே கருஞ்சிட்டு, அலகில் ஒரு பூச்சி. பின்னால் மங்கலாக இராஜகிரி. அவர் வெட்கப்பட்ட அந்தப் படத்தில் பறவையின் உணவு இருந்தது, இருப்பிடம் இருந்தது, ஊர் இருந்தது. 2015 முதல் ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பட்டியல் அனுப்புகிறவர்கள், தேதியும் இடமும் குறித்து இத்தகைய ஒரு படத்தைச் சேர்த்தால் போதும். அது பதிவாக நிற்கும். இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த மதிலில் கருஞ்சிட்டு இருந்ததா என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லும். பச்சைப் பட்டின் முன் நிற்கும் பறவையால் அதைச் சொல்ல முடியாது.

ஆகவே தம்பி, இதைப் படித்தால் அம்மாவிடம் சங்கிலியைப் பீரோவிலேயே வைக்கச் சொல். கையிலிருக்கும் 300 மி.மீ. லென்சில் இன்னும் ஓராண்டு எடு. வெயில் ஏறுமுன் கோட்டைக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போ. உள்ளே வந்தால் நிழலில் உட்கார். ஓராண்டு முடிந்து, ‘இந்தப் பறவையை, இந்தத் தூரத்தில், இந்த நேரத்தில் எடுக்க என் லென்சால் முடியவில்லை’ என்று உன் குறிப்பேட்டில் பத்து இடத்திலாவது எழுதியிருந்தால், அப்போது பெரிய லென்சைப் பற்றி யோசிக்கலாம். எதற்கு வாங்குகிறாய் என்று அன்று உனக்கே தெரிந்திருக்கும்.

வாசகர்களே, உங்களுக்கும் அதே யோசனைதான். நாளைக் காலை உங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களை எத்தனை அடி வரை நெருங்க விடுகிறது என்று காலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்பதை அந்த எண்ணை வைத்துக் கணக்கிடலாம். கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.